ஃபிஃப்த் வீல் டிரெய்லர் ஏன் உதைக்கிறது?

பிக்கப் டிரக்கில் பெரிய வீட்டு டிரெய்லரை மாட்டிக்கொண்டு அமெரிக்க நெடுஞ்சாலைகளில் சுற்றுகிறவர்கள் அடிக்கடி புலம்பும் விஷயம் ஒன்று உண்டு. வண்டி சீராகப் போகாமல் வெட்டி வெட்டிப் போகிறது, சீட்டின் முதுகில் விடாமல் உதை விழுகிறது. இதைப் பக்கத்து வண்டிக்காரரிடம் சொன்னால் "ஹிட்ச் லூஸ், மாற்றிவிடு" என்பார். டிரெய்லரை டிரக்கோடு பூட்டும் பாகம்தான் ஹிட்ச். எதிர் வண்டிக்காரரோ பெரிய விலையுள்ள ஏதாவது ஒரு பாகத்தைச் சிபாரிசு செய்வார். இரண்டு பேரும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் "எப்போது உதைக்கிறது? விநாடிக்கு எத்தனை தடவை?" என்று இருவரும் கேட்பதில்லை.

அந்த இரண்டு கேள்விகளிலேயே பாதி விடை இருக்கிறது. ஜெர்க் என்று ஒரே பெயரில் நாம் சேர்த்துப் பேசுவது நாலைந்து வெவ்வேறு கோளாறுகளை. அதில் 'லூஸ் ஹிட்ச்' பெரும்பாலும் உதையின் மூலகாரணம் அல்ல. எங்கிருந்தோ வரும் உதையைப் பெரிதாக்கிக் காட்டுவதுதான் அதன் வேலை. இதைப் புரிந்துகொண்டால் தேவையில்லாத செலவு நிறைய மிச்சமாகும்.

## எது எதோடு மாட்டியிருக்கிறது?

சாதாரண டிரெய்லர், வண்டியின் பம்பருக்குக் கீழே உள்ள குண்டில் மாட்டிக்கொள்ளும். ஃபிஃப்த் வீல் டிரெய்லர் அப்படியல்ல. அதன் முன்பகுதி டிரக்கின் சரக்குத் தொட்டிக்கு மேலேயே வந்து உட்காரும். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். அதே ஏற்பாடுதான், அளவு மட்டும் சிறியது.

டிரெய்லரின் மூக்கிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும் தடித்த இரும்பு முளைக்குக் கிங்பின் என்று பெயர். வீட்டு டிரெய்லர்களில் அதன் விட்டம் 2 அங்குலம். டிரக்கின் பின் அச்சுக்கு மேலாக, தொட்டியில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும் மேடைதான் ஹிட்ச். அதன் நடுவில் இருக்கும் இரும்புத் தாடைகள் கிங்பின்னைக் கவ்விப் பூட்டிக்கொள்ளும். கிங்பின்னை டிரெய்லரின் சட்டத்தோடு இணைக்கும் பெட்டி போன்ற பாகம் பின் பாக்ஸ். கிங்பின் வழியாக டிரக்கின் மேல் இறங்கும் சுமையைப் பின் எடை என்பார்கள். இந்த இரண்டிலும் 'பின்' என்பது கிங்பின்னைக் குறிக்கும், பின்பக்கத்தை அல்ல. இந்த நாலு பெயர்கள் தெரிந்தால் போதும்.

## சரக்கு ரயில் கிளம்பும்போது

சரக்கு ரயில் நின்ற இடத்திலிருந்து நகரும் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? எஞ்சின் அசைந்ததும் முதல் வேகன் 'டங்' என்று இழுபடும், அப்புறம் இரண்டாவது, மூன்றாவது என்று அந்தச் சத்தம் கடைசி வரை ஓடும். காரணம், வேகனுக்கு வேகன் கொக்கியில் இருக்கும் சின்ன இடைவெளி. எஞ்சின் அந்த இடைவெளி தீரும் வரை தடையில்லாமல் நகர்கிறது, தீர்ந்த கணத்தில் வேகனின் முழுப் பாரமும் ஒரே அடியில் வந்து விழுகிறது.

கிங்பின்னுக்கும் தாடைக்கும் நடுவே இடைவெளி இருந்தாலும் இதேதான். இரும்புத் தகடு கனத்துக்கு இடைவெளி இருந்தால்கூட, ஐந்தாறு டன் டிரெய்லர் அந்தத் தூரத்தில் ஒரு குட்டி ஓட்டம் பிடித்து வந்து முட்டும். அதனால்தான் சிக்னலில் கிளம்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் 'டொக்' கேட்கிறது.

ஆனால் ரயிலை வைத்து இதற்கு மேல் விளக்க முடியாது. நேர்ச் சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது டிரக் இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. இடைவெளி இருந்தாலும் ஒரு பக்கமாகவே அடைபட்டுக் கிடக்க வேண்டும், உதை வரக் கூடாது. அப்படியும் வருகிறதே, எப்படி?

## மேலும் கீழும் ஆடுவது முன்னும் பின்னும் இடிப்பாகிறது

டிரக் ஒரு மேட்டில் ஏறி இறங்கும்போது அதன் மூக்கு தூக்கி இறங்குகிறது. ஹிட்ச் இருப்பதோ தரையிலிருந்து ஏறக்குறைய நாலடி உயரத்தில். டிரக்கின் உடல் எந்த இடத்தை மையமாக வைத்து ஆடுகிறதோ, அதற்கு நன்றாக மேலே. உயரத்தில் உள்ள ஒரு புள்ளி, கீழே உள்ள மையத்தைச் சுற்றிச் சாய்ந்தால், அது முன்னும் பின்னும் நகர்ந்தே தீரும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹிட்ச் அந்த மையத்துக்கு 2 அடி மேலே இருப்பதாக வைத்துக்கொள்வோம். டிரக் ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால் ஹிட்ச் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் நகரும். பத்து மில்லிமீட்டர் என்ன பெரிய தூரமா என்று தோன்றும். ஆனால் ஒரு விநாடியின் சிறு பங்குக்குள் பின்னால் இருக்கும் ஐந்தாறு டன்னும் கூடவே பத்து மில்லிமீட்டர் நகர்ந்தாக வேண்டும். அது மறுக்கும். டிரெய்லர் பெரும்பாலும் டிரக்கைவிடக் கனமானது என்பதால், டிரக்தான் பின்னுக்கு இழுபடுகிறது, அடுத்த கணம் முன்னுக்குத் தள்ளப்படுகிறது. உங்கள் முதுகில் விழும் உதை இதுதான். அமெரிக்க ஓட்டுநர்கள் இதைச் சக்கிங் என்கிறார்கள்.

டிரெய்லரும் தன் பங்குக்கு ஆடுகிறது. அது ஆடுவது தன் சக்கர அச்சுகளை மையமாக வைத்து. கிங்பின் அந்த அச்சுகளுக்கு வெகு முன்னாலும் மேலேயும் இருப்பதால், மூக்கு ஏறி இறங்கும்போதெல்லாம் கிங்பின் நேர்கோட்டில் போகாமல் வில் போன்ற வளைவில் போகிறது. இரண்டு வண்டிகளின் ஆட்டமும் ஒத்துப்போனால் உதை அடங்கும், எதிரெதிராக அமைந்தால் இரட்டிக்கும். ஒரே டிரெய்லரை இரண்டு வெவ்வேறு டிரக்குகள் இழுக்கும்போது ஒன்றில் சுகமாகவும் மற்றொன்றில் கொடுமையாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இதுவரை: உதையை உண்டாக்குவது மேலும் கீழுமான ஆட்டம். உயரத்தில் இருக்கும் இணைப்பு அதை முன்பின் இடிப்பாக மாற்றுகிறது. இணைப்பில் உள்ள இடைவெளி அதைச் சத்தமாக்குகிறது.

## சாலைக்கும் பங்கு உண்டு

அமெரிக்காவின் கான்கிரீட் நெடுஞ்சாலைகள் ஒரே துண்டாக வார்த்தவை அல்ல. வெயிலில் விரிந்து குளிரில் சுருங்க இடம் வேண்டுமே, அதனால் குறுக்கே மூட்டுகள் விட்டிருப்பார்கள். இப்போது பொதுவாக 15 அடிக்கு ஒன்று. பழைய வகைச் சாலைகளில் 30, 40 அடி நீளப் பலகைகளும் உண்டு. இரவில் மேல்பரப்பு சீக்கிரம் குளிர்ந்து சுருங்கும்போது பலகையின் ஓரங்கள் லேசாக மேலே வளையும். நேற்று மதியம் சகிக்கும்படி இருந்த சாலை இன்று விடியற்காலையில் மோசமாகத் தெரிந்தால் அது கற்பனை அல்ல.

மணிக்கு 60 மைல் வேகம் என்றால் விநாடிக்கு 88 அடி. 40 அடிப் பலகைகளில் அது விநாடிக்கு இரண்டு தட்டுக்குச் சற்று அதிகம். ஸ்பிரிங் மேல் நிற்கும் டிரக்கின் உடல் தானாக ஆடும் வேகமும் ஏறக்குறைய அதுதான், விநாடிக்கு ஒன்றிலிருந்து மூன்று தடவை. சாலை தட்டும் தாளமும் வண்டி ஆடும் தாளமும் ஒன்றாகிவிட்டால் ஒவ்வொரு தட்டும் முந்தைய ஆட்டத்தின் மேல் ஏறும். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர்.

சாலைப் பொறியாளர்களுக்கும் இது தெரியாததல்ல. கலிஃபோர்னியாவில் ஒரு காலத்தில் மூட்டுகளை வேண்டுமென்றே ஒழுங்கில்லாமல், 13, 19, 18, 12 அடி என்று மாற்றி மாற்றி வைத்தார்கள். தாளம் சேரக் கூடாது என்பதற்காகவே.

ஆகவே காசு செலவில்லாத முதல் சோதனை: வேகத்தை 5 மைல் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். உதை சட்டென்று மாறினால் தாளம் வெளியிலிருந்து வருகிறது. தார்ச் சாலைக்கு வந்ததும் முழுசாக நின்றுவிட்டால் சாலைதான் மூலம். உங்கள் வண்டி செய்யக்கூடியது அதைத் தாங்குவது மட்டுமே. நல்ல தார்ச் சாலையிலும் அப்படியே தொடர்ந்தால், கோளாறு உங்கள் வண்டியில்தான்.

## எண்ணிப் பாருங்கள்

பக்கத்து இருக்கையில் இருப்பவரை எண்ணச் சொல்லுங்கள். வாயால் எண்ண முடிகிற உதை, அதாவது விநாடிக்கு ஒன்று முதல் மூன்று வரை, என்றால் அது சக்கிங். எண்ணவே முடியாத அதிர்வு என்றால் சுழலும் பாகங்களைச் சந்தேகிக்க வேண்டும். ஏறக்குறைய 31 அங்குல விட்டமுள்ள டிரெய்லர் டயர், 60 மைல் வேகத்தில் விநாடிக்கு 11 சுற்றுச் சுற்றும். சமன் செய்யாத டயரும், உள்ளே கம்பி இழை விட்டு ஒரு பக்கம் உப்பிய டயரும் தருவது இந்த 11-ஐத்தான். டயர் உப்பியிருந்தால் மேற்கொண்டு ஓட்டாதீர்கள், அங்கேயே மாற்றுங்கள்.

கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஒரே ஒரு 'டொக்' மட்டும் என்றால் பூட்டு. பிரேக் பிடிக்கும்போது மட்டும் என்றால் பிரேக். ஏற்றத்தில் கியர் மாறும்போது மட்டும் என்றால் டிரக்கின் கியர் பெட்டி. இழுவைக்கான டோ-ஹால் பட்டனை அழுத்த மறந்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். பக்கவாட்டில் வால் ஆட்டுவது வேறு கதை, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

## பூட்டைச் சோதிப்பது

சமதளத்தில் நிறுத்தி, டிரெய்லர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். டிரெய்லர் பிரேக்கைக் கையால் பிடிக்க டிரக்கின் டேஷ்போர்டில் சின்ன நெம்பு இருக்கும். ஒருவர் அதை அழுத்திப் பிடித்தபடி டிரக்கை அங்குலக் கணக்கில் முன்னும் பின்னும் அசைக்கட்டும். இன்னொருவர் டிரக்கின் பக்கவாட்டில், எட்ட நின்று, டார்ச் அடித்துக் கிங்பின்னைப் பார்க்கட்டும். இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது.

அசைவு எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான் விஷயம். தாடைக்குள் கிங்பின் மட்டும் நகர்கிறதா? தாடையின் இறுக்கத்தைச் சரிசெய்யும் வசதி சில ஹிட்சுகளில் உண்டு; இல்லாதவற்றில் தேய்ந்த பாகத்தை மாற்ற வேண்டும். தாடை அசையாமல் ஹிட்ச் மொத்தமாக நகர்கிறதா? அப்படியானால் தொட்டியோடு பிணைக்கும் இரும்புப் பட்டைகளின் பூட்டு முளையோ போல்ட்டோ தளர்ந்திருக்கிறது. ஹிட்சும் அசையாமல் பின் பாக்ஸ் டிரெய்லர் சட்டத்தில் நெளிகிறதா? அங்கே போல்ட் இறுக்கமும் வெல்டிங்கும் பார்க்க வேண்டும். பெயிண்ட் மயிரிழையாக வெடித்து அதில் துருக்கோடு கசிந்திருந்தால், வெல்டிங் தெரிந்தவரிடம் காட்டாமல் பயணம் கிடையாது.

பார்க்கும்போதே இன்னொன்று. கிங்பின்னின் தலை தாடைக்குக் கீழே முழுசாக இறங்கிப் பூட்டியிருக்கிறதா, அல்லது தாடையின் மேல் நுனியில் தொற்றிக்கொண்டு நிற்கிறதா? பின்னது நடந்தால் டிரெய்லர் ஓடும்போதே கழன்று டிரக்கின் தொட்டியில் விழும். டிரெய்லரின் முன்கால்களை முழுசாகத் தூக்கும் முன், பிரேக்கைப் பிடித்து ஒரு தடவை மெல்ல இழுத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

## பிரேக் பிடிக்கும்போது மட்டும் என்றால்

இந்த டிரெய்லர்களில் பெரும்பாலும் மின்சார டிரம் பிரேக். டிரக்கில் இருக்கும் பிரேக் கன்ட்ரோலர், நீங்கள் மிதிக்கும்போது எவ்வளவு மின்சாரத்தைப் பின்னால் அனுப்புவது என்று முடிவு செய்கிறது. அந்த அளவைக் கூட்டிக் குறைக்கும் எண் கெயின்.

கெயின் குறைவு என்றால் டிரக் நிற்கப் பார்க்கும், டிரெய்லர் வந்து தள்ளும். அதிகம் என்றால் டிரெய்லர் முதலில் நிற்கும், டிரக் பின்னுக்கு இழுபடும். இரண்டிலும் உதை உண்டு, திசை மட்டும் மாறும். ஆளில்லாத சமதளத்தில், பிரேக் கொஞ்சம் சூடான பிறகு, மணிக்கு 25 மைல் அளவில் போய் கை நெம்பை மட்டும் முழுசாக அழுத்துங்கள். சக்கரம் பூட்டிக்கொண்டு தேயாமல், அதே சமயம் டிரெய்லர் உறுதியாக இழுத்துப் பிடித்து நிறுத்துகிற இடம்தான் சரியான கெயின். தண்ணீர்த் தொட்டி நிரப்பிய டிரெய்லருக்கும் காலியானதற்கும் இது ஒன்றாக இருக்காது.

கெயின் சரியாக இருந்தும் விட்டு விட்டுப் பிடித்தால், டிரம் வட்டம் தவறியிருக்கலாம், அல்லது சக்கரத்துக்கு வைத்த கிரீஸ் கசிந்து பிரேக் ஷூவில் ஏறியிருக்கலாம். எளிதில் கண்ணில் படாத ஒன்றும் உண்டு. ஒரு பக்கச் சக்கரத்திலிருந்து மறு பக்கத்துக்குப் போகும் பிரேக் ஒயரைச் சில டிரெய்லர்களில் அச்சுக் குழாயின் உள்ளேயே விட்டிருப்பார்கள். வருடக்கணக்கில் ஆடி ஆடி, அதன் மேலுறை உரசித் தேய்ந்துவிடும். செப்பு இரும்பைத் தொடும்போதெல்லாம் பிரேக் திடீரென்று விடும், பிடிக்கும். கன்ட்ரோலரின் திரையில் பிழைக் குறி வந்து வந்து மறைந்தால் முதலில் அந்த ஒயரைப் பாருங்கள்.

## டிரெய்லருக்கு அடியில் குனிந்து பார்த்தால்

டிரெய்லரை வாங்கிய நாளிலிருந்து பலர் ஒருபோதும் பார்க்காத இடம் இது. என் அபிப்பிராயத்தில் முதலில் பார்க்க வேண்டிய இடமும் இதுதான்.

இரண்டு அச்சுகளின் பட்டை ஸ்பிரிங்குகளுக்கு நடுவே முக்கோணம் போன்ற ஓர் இரும்பு தொங்கும். ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது சுமையை மற்றதோடு பங்கு போடுவது அதன் வேலை. அதையும் ஸ்பிரிங்கையும் இணைக்கும் சின்னத் தட்டுகள் ஷேக்கிள். போல்ட் நுழையும் ஸ்பிரிங் கண்களிலும் முக்கோண இரும்பின் துளைகளிலும் பெரும்பாலும் ஆலையிலிருந்தே நைலான் புஷ், அதாவது தேய்மானத்தைத் தாங்கும் சின்னக் குழாய் உறை, போட்டு வரும். நைலான் தேய்ந்து போனதும் போல்ட் நேராக இரும்பில் உரசும். ஷேக்கிளைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்தால் வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவத்தில் இருக்கும், போல்ட்டின் உடலில் ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருக்கும். இரண்டு பக்கமும், எல்லாத் துளைகளிலும் இந்த இடைவெளி சேர்ந்தால், அச்சே முன்னும் பின்னும் தவழும். வெண்கலப் புஷ்ஷும் கிரீஸ் ஏற்றும் வழியுள்ள போல்ட்டும் போட்டால் இது நீண்ட நாள் தாங்கும். பெரிய செலவும் இல்லை.

இன்னொரு குறை கண்ணெதிரிலேயே இருக்கும். ஷாக் அப்சார்பர் இல்லாமல்தான் பல டிரெய்லர்கள் வருகின்றன. ஸ்பிரிங் அடியை வாங்கிச் சேர்த்து வைத்துத் திருப்பித் தரும், அவ்வளவுதான். ஆட்டத்தை அணைப்பது ஷாக். அது இல்லாதபோது பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவது மட்டுமே அணைப்பு. டிரக்கிலும் ஷாக் தேய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். சிலர் உதையைக் குறைக்க டிரக்கின் பின்பக்கம் காற்றுப் பை போடுகிறார்கள். அது தாழ்ந்த பின்பக்கத்தைத் தூக்கும். ஆட்டத்தை அணைக்காது.

## எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது?

ஃபிஃப்த் வீலில் பின் எடை, டிரெய்லரின் மொத்த எடையில் 15 முதல் 25 சதவீதம் இருப்பது வழக்கம். 12,000 பவுண்டு டிரெய்லருக்கு 20 சதவீதம் என்றால் 2,400 பவுண்டு, ஏறக்குறைய 1,090 கிலோ. மூக்கில் எடை குறைந்தால் மூக்கு லேசாகித் துள்ளும். பின்பக்கம் சைக்கிள் ஸ்டாண்டு, நடுவில் காலியாகிக் கொண்டே வரும் தண்ணீர்த் தொட்டி எல்லாம் இதை மாற்றும்.

கண் மதிப்பில் இதைச் சொல்ல முடியாது. லாரிகள் நிற்கும் பெரிய நிலையங்களில் எடை மேடை இருக்கும். டிரெய்லரோடு ஒரு தடவை, டிரக்கை மட்டும் ஒரு தடவை எடை போடுங்கள். டிரக்கின் இரண்டு அச்சுகளும் டிரெய்லரோடு இருந்தபோது எவ்வளவு கூடுதலாகக் காட்டினவோ, அதுதான் பின் எடை. கூடவே டிரெய்லர் தரைக்கு இணையாக நிற்கிறதா என்றும் பாருங்கள். மூக்கு தூக்கி நின்றால் பின் அச்சு அதிகம் சுமக்கும். சரிசெய்ய இறக்கும்போது, டிரக் தொட்டியின் விளிம்புக்கும் டிரெய்லரின் அடிப்பகுதிக்கும் நடுவே ஆறு அங்குலமாவது இருக்கட்டும். இல்லையென்றால் மேடு பள்ளத்தில் இரண்டும் உரசும்.

இதுவரை பார்த்ததில் பெரிய பணம் எங்கும் தேவைப்படவில்லை: வேகத்தை மாற்றிப் பார்த்தல், எண்ணுதல், பூட்டு, கெயின், ஷேக்கிள், எடை.

## கடைசியாக, அந்த விலை கூடிய பாகம்

எல்லாம் சரியாக இருந்தும் சக்கிங் நிற்கவில்லை என்றால்தான் ரப்பர் அல்லது காற்றுப் பை வைத்த பின் பாக்ஸ். கிங்பின்னுக்கும் சட்டத்துக்கும் நடுவே கொஞ்சம் நெகிழ்வு கொடுத்து, அந்தப் பத்து மில்லிமீட்டரை டிரக்குக்குக் கடத்தாமல் தானே விழுங்கிக்கொள்வது இதன் வேலை. யோசனை புதிதல்ல. விமான முன்னோடி கிளென் கர்ட்டிஸ் 1920-களின் பிற்பகுதியில் கொண்டுவந்த ஏரோகார் டிரெய்லரில், இழுக்கும் காரின் பின்பகுதியில் காற்றடித்த சக்கரம் ஒன்றைப் படுக்கை வசத்தில் வைத்து, அதன் நடுவில் டிரெய்லரின் முளையை இறக்கினார்கள். இடிப்பை டயரே வாங்கிக்கொண்டது.

இரண்டு வகையும் ஒன்றல்ல. ரப்பர் வகை முன்பின் இடிப்பை நன்றாக வாங்கும். காற்று வகை மேலும் கீழுமான அடியை நன்றாக வாங்கும். முன்பின் இடிப்புக்கு அது எவ்வளவு உதவும் என்பது அதன் வடிவமைப்பைப் பொறுத்தது. உங்களுக்கு வருவது எந்த அடி என்று எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு கடைக்குப் போவது நல்லது. எடைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். இந்தப் பாகங்கள் குறிப்பிட்ட பின் எடை வரம்புக்கென்று செய்யப்படுபவை. 1,500 பவுண்டு மூக்குக்கு அதைவிட மிகக் கனத்துக்கான ரப்பரைப் போட்டால் அது நெகிழவே நெகிழாது. காற்றுப் பை என்றால், அழுத்தத்தை டிரெய்லரை மாட்டிய பிறகு, சுமையோடு பார்த்துச் சரிசெய்ய வேண்டும். ஒவ்வொரு பள்ளத்திலும் இரும்போடு இரும்பு இடிக்கும் சத்தம் கேட்டால் காற்று போதவில்லை என்று அர்த்தம்.